சமாரியாவின் வாசலில் மறித்தவர்கள்

போன வாரம் எங்கே நிறுத்தினோம், ஞாபகம் இருக்கிறதா?

யூதாவின் மலைச்சரிவெங்கும் பிணங்கள். அரசகுமாரன் மாசேயா செத்துக் கிடந்தான். அரண்மனைப் பொறுப்பாளன் அஸ்ரீக்காமும் செத்தான். அரசனுக்கு அடுத்த இடத்தில் இருந்த எல்க்கானாவும் மிஞ்சவில்லை. மூவரையும் வெட்டிச் சாய்த்தவன் ஒரே ஆள், எப்பிராயீமின் வீரன் சிக்ரி. எருசலேம் மதிலுக்குள்ளே இளம் அரசன் ஆகாஸ் நடுங்கிக்கொண்டிருந்தான்.

வெளியே, வடக்கு நோக்கிப் போகும் பாதையில், ஒரு நீண்ட வரிசை நகரத் தொடங்கியது.

அங்கேதான் விட்டோம். வாருங்கள், அந்த வரிசையோடு நடப்போம்.

அதில் இருப்பவர்கள் பெண்களும் பிள்ளைகளும். எத்தனை பேர்? நாளாகமம் சொல்லும் கணக்கு 2,00,000. ஒரே நாளில் கொல்லப்பட்ட ஆண்கள் 1,20,000 என்றும் சொல்கிறது. பழைய போர்க் கணக்குகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பார்கள் ஆய்வாளர்கள். சரி, இரண்டு சைபரைத் தள்ளிவிடுங்கள். 2,000 பேர் என்றே வையுங்கள். கணவனையும் தகப்பனையும் அண்ணனையும் பறிகொடுத்த 2,000 பேர். அழக்கூட நேரம் கிடைக்காமல் விரட்டப்படுகிறார்கள். பலர் உடம்பில் துணி இல்லை. காலில் செருப்பு இல்லை. சிலரால் நடக்கவே முடியவில்லை.

ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் யார்?

வடக்கு அரசான இஸ்ரவேலின் வீரர்கள். அந்நியர்களாக இருந்திருந்தால் வேறு கதை. இவர்களும் யாக்கோபின் பிள்ளைகள். பேசுவது ஒரே மொழி. கும்பிடுவது ஒரே கடவுளை. ஒரு தாய் தன் குழந்தையிடம் என்ன சொல்லித் தேற்றுகிறாள் என்பது பக்கத்தில் ஈட்டியோடு நடக்கிறவனுக்கு ஒரு சொல் விடாமல் புரியும்.

புரிந்தும் நடந்தான்.

அவன் மனதுக்குள் என்ன ஓடியது என்று கொஞ்சம் பார்ப்போம். அவன் அரக்கன் அல்ல. அவனுடைய அரசன் பெக்காவும் தமஸ்குவின் ரேத்சீனும் கை கோத்துத் தொடங்கிய போர் இது. ஆகாஸைத் தள்ளிவிட்டு தாபேயாலின் மகன் என்ற ஒருவனை எருசலேமின் அரியணையில் உட்கார வைக்க வேண்டும், அசீரியாவுக்கு எதிராக எல்லாரும் ஒரே அணியாக நிற்க வேண்டும் என்பது திட்டம். எருசலேமோ கைக்கு வரவில்லை. அப்படியென்றால் இத்தனை நாள் உயிரைப் பணயம் வைத்ததற்குக் கூலி என்ன? முதுகில் சுமக்கும் கொள்ளைப் பொருளும், முன்னால் நடக்கும் இந்த மனிதர்களும்தான். வீட்டில் ஓர் அடிமைப் பெண் இருந்தால் மனைவிக்கு உதவி. விற்றால் வெள்ளி.

அவன் கையில் ஒரு வாதமும் இருந்தது. உபாகமத்தின் போர்ச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். புது வீடு கட்டியவனை, திராட்சைத் தோட்டம் போட்டுக் கனி பார்க்காதவனை, நிச்சயம் முடிந்து கல்யாணம் ஆகாதவனை, பயந்தவனை எல்லாம் போருக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறது அது. முற்றுகை போடும்போது பழமரங்களை வெட்டாதே என்கிறது. நகரத்தைத் தாக்கும் முன் சமாதானம் பேசு என்கிறது. அதே அதிகாரம்தான், தூரத்து நகரம் எதிர்த்து நின்று தோற்றால் அதன் பெண்களையும் பிள்ளைகளையும் கொள்ளையாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. பக்கத்து இனங்களைப் பற்றி அது சொல்வது இன்னும் கொடூரம். படிக்கும்போது எனக்கு மனம் கூசுகிறது. மரத்துக்கு இரக்கம் காட்டிய சட்டம் மனிதர்களிடம் ஏன் பாதியில் நின்றது என்று கேட்காமல் என்னால் அந்தப் பக்கத்தைக் கடக்க முடிந்ததே இல்லை.

ஆனால் யூதா தூரத்து நகரம் அல்ல. இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் சற்று நேரத்தில் இது தேவைப்படும்.

சமாரியா தெரிந்தது.

ஒரு காலத்தில் சேமேர் என்பவனிடம் இரண்டு தாலந்து வெள்ளி கொடுத்து உம்ரி அரசன் வாங்கிய குன்று அது. அவன் மகன் ஆகாப் அங்கே தந்தத்தால் இழைத்த மாளிகை கட்டினான். 1930களில் அங்கே மண்ணைத் தோண்டியவர்களுக்கு அந்தத் தந்தச் சிற்பத் துண்டுகள் கிடைத்தன. பணக்கார ஊர். அடிமைகளுக்கு வேலை இருக்கும் ஊர்.

அந்த ஊரின் திசையிலிருந்து, படைக்கு எதிரே, ஒரு மனிதர் வந்தார்.

ஓதேத்.

தீர்க்கதரிசி என்கிறது நாளாகமம். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. எந்த ஊர், யார் மகன், என்ன வயது, எதுவும் இல்லை. இந்த ஒரு மணி நேரத்துக்காகவே வரலாற்றுக்குள் நுழைந்து, முடிந்ததும் வெளியேறிவிடுகிறார். கையில் ஆயுதம் இருந்ததாகவும் சொல்லப்படவில்லை. எதிரே இருப்பது வென்று திரும்பும் படை. வாளில் இரத்தம் காயாத படை.

அவருக்கு ஆபத்து தெரியாமல் இருந்திருக்க வழியில்லை. இதே சமாரியாவின் வாசல் முற்றத்தில்தான், ஆகாபின் காலத்தில், மிகாயா அரசனுக்குப் பிடிக்காத உண்மையைச் சொன்னார். கன்னத்தில் அறை வாங்கினார். சிறைக்குப் போனார். ஒரு தலைமுறைக்கு முன்புதான், ஏழைகளை நசுக்குகிறீர்களே என்று கேட்ட ஆமோஸை, உன் நாட்டுக்கே ஓடிப்போ என்று பெத்தேலின் ஆசாரியன் விரட்டினான். இந்த நாட்டில் தீர்க்கதரிசிகளுக்கு நல்ல வரவேற்பு கிடைத்ததே இல்லை.

படை நின்றது.

ஓதேத் என்ன பேசினார் தெரியுமா? நீங்களும் நானுமாக இருந்தால், செய்தது தவறு என்று எடுத்த எடுப்பிலேயே கத்தியிருப்போம். அவர் அப்படித் தொடங்கவில்லை. யூதாவின் மேல் கடவுளுக்குக் கோபம், அதனால்தான் அவர்களை உங்கள் கையில் கொடுத்தார் என்று முதலில் ஒத்துக்கொண்டார். படையினர் நெஞ்சு நிமிர்ந்திருக்கும். நம் பக்கம்தான் நியாயம் என்று இந்த மனிதரே சொல்கிறாரே!

அடுத்த மூச்சில் திருப்பினார்.

கொடுத்தது அவர். நீங்களோ வானத்தை எட்டும் வெறியோடு வெட்டினீர்கள். போதாதென்று, எஞ்சியவர்களை அடிமைகளாக்கப் பார்க்கிறீர்கள். உங்கள் பக்கம் மட்டும் குற்றமே இல்லையா? பிடித்துவந்த இந்தச் சகோதரர்களைத் திருப்பி அனுப்புங்கள், கடவுளின் கோபம் இப்போது உங்கள் மேல்தான் கவிந்திருக்கிறது. அவருடைய பேச்சின் சாரம் இவ்வளவுதான். ஒரு நிமிடத்துக்குள் முடிந்திருக்கும்.

அந்த ஒரு நிமிடத்தில் எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டார், பாருங்கள். போருக்குக் காரணம் இருந்ததா என்பது ஒரு கேள்வி. போரில் எப்படி நடந்துகொண்டாய் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் உனக்குச் சாதகமாக இருந்தாலும், இரண்டாவதில் நீ தண்டனைக்கு உரியவனாகலாம். இன்றைக்கும் உலகமெங்கும் போர்க் குற்ற விசாரணைகளில் தளபதிகள் தடுமாறுவது இந்த இரண்டாவது கேள்வியில்தான். எங்கள் பக்கம் நியாயம் இருந்தது என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். ஓதேத் அதைக் கேட்கவே இல்லையே!

அந்தப் படையின் வாதம் எங்கே உடைந்தது? லேவியராகமத்தில் ஒரு சட்டம் உண்டு. உன் சகோதரன் வறுமையில் விழுந்து உன்னிடம் வந்தாலும் அவனை அடிமையாக நடத்தாதே என்கிறது. காரணம் அருமையானது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீட்டுக்கொண்டு வந்தது கடவுள், ஆகவே அந்த மக்கள் அவருக்குச் சொந்தம், இன்னொருவன் எப்படி விற்க முடியும்? நிலத்தைப் பற்றியும் அங்கே அதே பேச்சுதான். நிலம் என்னுடையது, நீங்கள் குடியிருப்பவர்கள் மட்டுமே, நிரந்தரமாக விற்காதீர்கள் என்கிறார் கடவுள். நிலமும் உனக்குச் சொந்தமில்லை, மனிதனும் சொந்தமில்லை. உன் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறார்கள். கணக்குக் கொடுக்க வேண்டும். இந்தச் சட்டங்கள் நாம் இன்று படிக்கிற வடிவத்தில் அன்றைக்கே எழுதப்பட்டிருந்தனவா என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. இருக்கட்டும். ஓதேத்தின் பேச்சில் ஓடுவது அந்த உணர்வுதான். வெற்றியையும் அவர் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார். வெற்றி உன்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அதை என்ன செய்தாய்?

பேசி முடித்தார்.

இப்போது யார் பதில் சொல்வது?

ஒரு வீரன் கை ஓங்கினால் போதும். ஒரு கல் பறந்தால் போதும். ஓதேத் அங்கேயே விழுந்திருப்பார். வரிசை மறுபடி நகர்ந்திருக்கும். சரித்திரத்தில் ஒரு வரிகூட மிஞ்சியிருக்காது.

நான்கு பேர் எழுந்தார்கள்.

யோகனானின் மகன் அசரியா. மெஷிலேமோத்தின் மகன் பெரகியா. சல்லூமின் மகன் எகிஸ்கியா. அத்லாயின் மகன் அமாசா.

பெயர்களை நிதானமாகப் படியுங்கள். தகப்பன் பெயரோடு நாளாகமம் பதிந்து வைத்திருக்கிறது. நான்கு பேரும் எப்பிராயீமின் தலைவர்கள். சிக்ரி இருக்கிறானே, யூதாவின் அரசகுமாரனைக் கொன்றவன், அவனுடைய குலத்துத் தலைவர்கள். எதிரில் நின்ற வீரர்களில் அவர்கள் மருமகன்கள் இருந்திருக்கலாம், பக்கத்து வயல்காரர்கள் இருந்திருக்கலாம். ஓதேத் பேசிவிட்டுப் போய்விட முடியும். இவர்கள் இதே ஊரில், இதே வீரர்களின் முகத்தில் விழித்துக்கொண்டு வாழ வேண்டும்.

என் கண்ணுக்கு இந்த நால்வரின் துணிச்சல் ஓதேத்தின் துணிச்சலுக்குக் குறைந்தது அல்ல.

அவர்கள் சொன்னதிலும் சுற்றி வளைப்பு இல்லை. கைதிகளை இங்கே கொண்டுவரக் கூடாது. ஏற்கெனவே நம் தலைமேல் இருக்கும் பாவம் போதாதா, இன்னும் கூட்டப் பார்க்கிறீர்களா? அவ்வளவுதான். பயத்தில் பேசினார்கள் என்று சிலர் சொல்லலாம். ஆமாம், கடவுள்பயம் இருந்தது. அதில் என்ன குறை? படையைப் பார்த்துப் பயப்பட வேண்டிய இடத்தில் அதைவிடப் பெரிய ஒன்றைப் பார்த்துப் பயந்தார்கள். அதனால்தான் படையின் முன் நிற்க முடிந்தது.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? இந்த ஒரு மணி நேரத்தில் அரசனின் பெயரே வரவில்லை. பெக்கா எங்கே? ஐம்பது கீலேயாத்தியரைச் சேர்த்துக்கொண்டு தன் எஜமானைக் கொன்று அரியணை ஏறிய பெக்கா, தானே தொடங்கிய போரின் கைதிகள் வாசலில் நிற்கும்போது எங்கே இருந்தான்? நாளாகமம் அவனைக் கண்டுகொள்ளவில்லை. தீர்ப்பு அரண்மனையில் நடக்கவில்லை. தெருவில், எல்லார் முன்னிலையிலும் நடந்தது.

இனி எல்லாம் அந்த வீரர்களின் கையில்.

கொள்ளைக்காரன் கையிலிருந்து கொள்ளையைப் பிடுங்குவது லேசா? மாதக்கணக்கான உழைப்பு, காயம், செத்துப்போன தோழர்கள், எல்லாவற்றுக்கும் ஈடாகக் கிடைத்தது. வீட்டு வாசல் கண்ணுக்குத் தெரிகிறது. இந்த இடத்தில் வந்து விடு என்றால் எவன் விடுவான்?

விட்டார்கள்.

கைதிகளை விட்டார்கள். கொள்ளைப் பொருளையும் விட்டார்கள். தலைவர்களும் சபையாரும் பார்த்துக்கொண்டிருக்க, மொத்தத்தையும் அங்கேயே வைத்துவிட்டு விலகினார்கள். அந்த வீரர்களில் ஒருவனுடைய பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. மூன்று பேரைக் கொன்ற சிக்ரியின் பெயர் இருக்கிறது. கொல்லும் கையைத் தாழ்த்தியவர்களின் பெயர் இல்லை. எனக்கு அதில் தீராத வருத்தம்.

கதை இதோடு முடிந்திருந்தாலே பெரிய கதை. ஆனால் சற்று யோசியுங்கள். கட்டவிழ்த்துவிட்டு, போங்கள் என்றால் அந்தப் பெண்கள் எங்கே போவார்கள்? பிள்ளைகளோடு, பசியோடு, மலைப்பாதையில்? விடுதலை என்ற பெயரில் வழியில் செத்திருப்பார்கள்.

அந்த நால்வரும் மறுபடி எழுந்தார்கள். இந்த முறை பேச அல்ல, வேலை செய்ய.

கொள்ளை மூட்டைகளைப் பிரித்தார்கள். யூதாவின் வீடுகளிலிருந்து அள்ளிவந்த துணிகளை எடுத்து, ஆடையில்லாமல் நின்றவர்களுக்கு உடுத்தினார்கள். யாருக்குத் தெரியும், ஒருத்திக்குத் தன் சொந்தப் புடவையே திரும்பக் கிடைத்திருக்கலாம். பிறகு செருப்பு கொடுத்தார்கள்.

செருப்பு! இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன். ஆமோஸ் இந்த நாட்டின் மேல் வைத்த குற்றச்சாட்டு என்ன? ஒரு ஜோடி செருப்பின் விலைக்கு ஏழையை விற்கிறார்கள் என்பதுதானே? பிடித்த ஊரையே மொத்தமாக ஏதோமியரிடம் விற்ற பெலிஸ்தரின் காத்சா நகரத்தையும் அவர் விடவில்லை. அன்று அவரை விரட்டினார்கள். இன்று அதே நாட்டின் தலைவர்கள், விற்பனைக்கு வந்த மனிதர்களின் காலடியில் குனிந்து செருப்பு மாட்டிவிடுகிறார்கள். ஆமோஸின் பேச்சு அவர்கள் காதில் விழுந்திருந்ததா? எப்பிராயீமின் தலைவர்கள் அதைக் கேள்விப்படாமல் இருந்திருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

சாப்பாடு கொடுத்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். வெயிலில் வெடித்த தோலுக்கும் காயத்துக்கும் எண்ணெய் பூசினார்கள். நடக்க முடியாதவர்களைக் கழுதைகளில் ஏற்றினார்கள்.

கூடவே போனார்கள்.

எங்கே? எரிகோவுக்கு. பேரீச்சமரங்களின் பட்டணம். சமாரியா மலைமேல் இருக்கிற ஊர். எரிகோவோ கடல்மட்டத்துக்கும் கீழே, யோர்தான் பள்ளத்தாக்கில். நேர்கோட்டில் அளந்தாலே சுமார் 50 கிலோமீட்டர். பாதையோ வளைந்து வளைந்து இறங்கும். குழந்தைகளையும் முடியாதவர்களையும் வைத்துக்கொண்டு ஒரு நாளில் போகிற தூரமா அது? ராத்திரி தங்க வேண்டும். கழுதைக்குத் தீனி வேண்டும். இதையெல்லாம் ஏற்பாடு செய்து, யூதா மக்களிடம் அவர்களை ஒப்படைத்துவிட்டுத்தான் அந்த நால்வர் ஊர் திரும்பினார்கள்.

எண்ணெய், கழுதை, எரிகோ, சமாரியாவின் மனிதர்கள். உங்களுக்கு வேறொரு கதை ஞாபகம் வருகிறது, இல்லையா? பல நூற்றாண்டுகள் கழித்து இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதைக்குள் இந்த நால்வரின் நிழல் இருக்கிறது என்று எண்ணும் ஆய்வாளர்கள் உண்டு. நானும் அவர்கள் பக்கம்தான்.

சமாரியாவுக்கே இப்படி ஒரு பழக்கம் முன்பும் இருந்தது. எலிசாவின் காலத்தில் சீரியப் படை ஒன்று இதே நகருக்குள் மாட்டிக்கொண்டது. வெட்டட்டுமா என்று அரசன் துடித்தான். விருந்து வைத்து அனுப்பு என்றார் எலிசா. அனுப்பினான்.

ஆனால் ஒரு துயரத்தையும் சொல்லியாக வேண்டும். போர் தொடுத்தவர்கள் இரண்டு பேர். ரேத்சீனும் யூதாவிலிருந்து ஏராளமானவர்களைப் பிடித்துக்கொண்டு போனான். அந்த வரிசை தமஸ்குவுக்குப் போனது. அங்கே வாசலில் மறித்த யாரைப் பற்றியும் நாளாகமம் சொல்லவில்லை.

சரி, இப்போது எருசலேமுக்கு வாருங்கள். நேரமில்லை.

தெற்கே ஏதோமியர் புகுந்து தாக்குகிறார்கள். மேற்கே பெலிஸ்தர் ஊர் ஊராகப் பிடிக்கிறார்கள். ஆகாஸுக்குத் தூக்கமில்லை. முன்பே, மேல்குளத்து வாய்க்கால் ஓரத்தில், ஏசாயா தன் மகனோடு வந்து அவனைச் சந்தித்துச் சொல்லியிருந்தார். அந்த இரண்டு அரசர்களும் அணையப் போகும் நெருப்பு, பதறாமல் இரு என்று.

ஆகாஸ் பதறினான்.

ஆலயத்தின் பொக்கிஷ அறை திறக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக மக்கள் காணிக்கையாகக் கொடுத்து, அரசர்கள் காவல் காத்த வெள்ளியும் பொன்னும் வெளியே வந்தன. அரண்மனைக் கருவூலமும் திறக்கப்பட்டது. மொத்தத்தையும் தூதர்களிடம் கொடுத்து, உலகத்திலேயே பயங்கரமான மனிதனிடம் அனுப்பினான். அசீரியாவின் திகிலாத் பிலேசரிடம்.

கூடவே ஒரு செய்தியும் போனது. வந்து என்னைக் காப்பாற்றுங்கள் என்று கெஞ்சும் செய்தி. அதில் தாவீதின் வம்சத்து அரசன் தன்னை எப்படி அறிமுகம் செய்துகொண்டான் தெரியுமா?

உங்கள் அடிமை என்று.

அசீரியன் வெள்ளியை வாங்கிக்கொண்டான். படையைக் கிளப்பினான். முதல் இலக்கு தமஸ்கு. ரேத்சீனின் தலைக்கு நாள் குறித்தாகிவிட்டது.

தமஸ்குவை முடித்த பிறகு அந்தப் படை எந்தப் பக்கம் திரும்பும்?

(தொடரும்)